கைப்பேசித் தாங்கி கற்றுத்தரும் தொழிற்பாடம்

(ஜமாஅத் கமிட்டியின் சார்பில் நடைபெற்ற விடுமுறைக்கால இளைஞர் வழிகாட்டு அமர்வில், பொறியியல் துறையில் பணிபுரியும் நம் மஹல்லாவைச் சேர்ந்த உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு மிகச் சிறியது. கைப்பேசியை மேசைமீது சாய்த்து நிறுத்தும் ஒரு மரத் தாங்கியை வரைந்து, லேசர் இயந்திரத்தால் வெட்டி எடுப்பது எவ்வாறு என்பதே அது. கடைத்தெருவில் எளிதாகக் கிடைக்கும் ஒரு பொருளுக்கு இவ்வளவு விளக்கம் தேவையா என்று பெரியவர்கள் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தில் தவறில்லை.

ஆயினும், நம் வீடுகளில் அதன் தேவை எத்தகையது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகனிடம் முகம் பார்த்துப் பேசும் தாய்க்குச் சிறிது நேரத்தில் கை வலிக்கத் தொடங்குகிறது. தண்ணீர்ச் செம்பிலோ பிஸ்கட் டப்பாவிலோ கைப்பேசியைச் சாய்த்து வைக்கிறார். அது நழுவி விழுகிறது. திரையில் பாடம் பார்க்கும் பிள்ளை புத்தகங்களை அடுக்கி முட்டுக் கொடுக்கிறது. இந்தச் சிறு தேவையை நம் பிள்ளைகள் தாமே எண்ணி, அளந்து, வரைந்து, செய்து முடிப்பார்களாயின், அவர்கள் பெறுவது ஒரு மரத்துண்டு மட்டுமன்று. ஒரு தொழிலின் அடிப்படையே அவர்களுக்குக் கிடைத்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. இயந்திரம் வந்துவிட்டது, இனிக் கைத்தொழில் அறிவு தேவையில்லை என்னும் எண்ணம் இளைஞர்களிடையே பரவி வருகிறது. தச்சரின் பிள்ளைகூடத் தந்தையின் தொழிலைச் சொல்லக் கூச்சப்படும் நிலை உள்ளது. அவ்வெண்ணம் சரியன்று என்பதை இந்தச் சிறு தாங்கியைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

லேசர் எவ்வாறு வெட்டுகிறது?

லேசர் என்பது ஒரே அலைநீளமும் ஒரே போக்கும் கொண்ட ஒளிக்கற்றை. இதற்கு அடிப்படையான கோட்பாட்டை ஐன்ஸ்டைன் 1917ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். செயற்பாட்டில் முதல் லேசரை அமெரிக்காவின் தியோடர் மைமன் 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு இயக்கிக் காட்டினார்.

மரம் வெட்டுவதற்கு இன்று பெரிதும் பயன்படுவது கரியமில வாயு லேசர். இதனை 1964ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் சி. குமார் படேல். அவர் மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் 1938ஆம் ஆண்டு பிறந்தவர். புனே பொறியியல் கல்லூரியில் பயின்று பின்னர் அமெரிக்கா சென்றவர். நம் நாட்டின் சிற்றூர் ஒன்றில் பிறந்த ஒருவரின் ஆராய்ச்சிதான் இன்று உலகெங்கும் திருமண அழைப்பிதழ் முதல் பெயர்ப்பலகை வரை வெட்டிக் கொண்டிருக்கிறது என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்த லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. மரமும் காகிதமும் அதனை நன்கு உறிஞ்சிக்கொள்கின்றன. சிறு தொழிற்கூடங்களில் உள்ள இயந்திரங்கள் பெரும்பாலும் 40 முதல் 100 வாட் வரை ஆற்றல் கொண்டவை. அது பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுதான். ஆனால் அவ்வளவு ஆற்றலையும் ஒரு வில்லையின் வழியாக மயிரிழை போன்ற ஒரு புள்ளியில் குவிக்கும்போது, அந்த இடத்திலுள்ள மரம் நொடிப்பொழுதில் எரிந்து ஆவியாகிவிடுகிறது. அந்தப் புள்ளி, நாம் வரைந்த கோட்டின்மீது நகர்ந்து செல்கிறது. அவ்வளவே இயந்திரத்தின் வேலை. கோடு சரியா, தவறா என்று அதற்குத் தெரியாது. தவறான கோட்டையும் அதே துல்லியத்துடன் வெட்டித் தந்துவிடும்.

முதல் வேலை அளப்பது

எனவே கணினியைத் திறப்பதற்கு முன்னால் அளவுகோலை எடுங்கள். இன்றைய கைப்பேசிகள் ஏறத்தாழ 160 மி.மீ. உயரமும் 75 மி.மீ. அகலமும் 8 மி.மீ. தடிமனும் கொண்டவை. பலரும் அதற்கு உறை போட்டிருப்பார்கள். உறையுடன் 11, 12 மி.மீ. ஆகிவிடும். ஆகையால் கைப்பேசி அமரும் பள்ளத்தின் அகலத்தை 14 மி.மீ. என்று கொள்வோம். பாட்டியின் கைப்பேசிக்குச் செய்வதானால் பாட்டியின் கைப்பேசியை, அதன் உறையுடன் அளக்க வேண்டும்.

அடுத்தது மின்னேற்றும் கம்பி. பெரும்பாலான கைப்பேசிகளில் அதன் வாய் அடிவிளிம்பின் நடுவில் உள்ளது. பேசிக்கொண்டே மின்னேற்ற வேண்டுமானால், கம்பியின் தலைக்கும் அது வளைந்து செல்வதற்கும் கீழே இடம் வேண்டும். ஆகவே கைப்பேசியின் அடிவிளிம்பு மேசையிலிருந்து 35 மி.மீ. உயரத்தில் அமரட்டும். தாங்கும் பலகைகள் நடுவில் இல்லாமல் இரு பக்கமும் இருக்கட்டும். இவ்விரு பலகைகளுக்கும் இடையே 50 மி.மீ. இடைவெளி விட்டால் கம்பி தாராளமாக இறங்கிச் செல்லும்.

இப்பொழுது வடிவம் தானாகவே உருவாகிவிட்டது. ஒரே மாதிரியான இரண்டு பக்கப் பலகைகள். அவற்றை இணைத்து நிறுத்தும் இரண்டு குறுக்குப் பலகைகள். மொத்தம் நான்கு துண்டுகள். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம்.

சாயாமல் நிற்பதற்கு ஒரு கணக்கு

பள்ளியில் கற்ற புவியீர்ப்பு மையம் என்னும் பாடம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. இங்கே அது உயிர் பெறுகிறது.

மேசையில் அமர்ந்து பார்ப்பவருக்குக் கைப்பேசி தரையோடு 65 பாகை சாய்ந்திருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். 160 மி.மீ. உயரமுள்ள கைப்பேசியின் எடை நடுவில், அதாவது 80 மி.மீ. தொலைவில் குவிந்திருப்பதாகக் கொள்வோம். 65 பாகையின் கொசைன் மதிப்பு ஏறத்தாழ 0.42. இரண்டையும் பெருக்கினால் 34 மி.மீ. வருகிறது. கைப்பேசியின் அடிவிளிம்பிலிருந்து 34 மி.மீ. பின்னால் அதன் எடை இறங்குகிறது என்பது இதன் பொருள். அடிவிளிம்பிற்கு முன்னால் 15 மி.மீ., பின்னால் 85 மி.மீ. என்று 100 மி.மீ. நீளமுள்ள அடித்தளம் அமைத்தால், எடை முன்முனையிலிருந்து 49 மி.மீ. தொலைவில், ஏறக்குறைய நட்டநடுவில் இறங்குகிறது. கைப்பேசியைக் குறுக்காக வைத்தாலும் எடை 31 மி.மீ. தொலைவில், அடித்தளத்திற்குள்ளேயே இறங்கும். இரு நிலையிலும் தாங்கி நிற்கும்.

வெறுமனே பார்ப்பதற்கு இது போதும். திரையை விரலால் தொடுபவருக்கு இன்னொரு கேள்வி எழுகிறது. மேல் விளிம்பில் அழுத்தினால் பின்னால் கவிழுமா? 200 கிராம் எடையுள்ள கைப்பேசிக்குக் கணக்கிட்டால், 100 மி.மீ. அடித்தளம் ஏறத்தாழ 65 கிராம் எடைக்குச் சமமான அழுத்தத்தைத் தாங்கும். பின்புறத்தை மேலும் 20 மி.மீ. நீட்டினால் அது 97 கிராம் அளவாக, ஒன்றரை மடங்காகப் பெருகுகிறது. செலவு சிறிதளவு பலகைதான், பயனோ பெரிது. கண் பார்வையால் மட்டும் வரைந்தவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஐந்து நிமிடம் கணக்கிட்டவருக்குத் தெரியும்.

கணக்கு முடிந்ததும் உடனே மரத்திற்குப் போய்விட வேண்டாம். அட்டைப்பெட்டியைக் கிழித்து, கத்தரிக்கோலால் நான்கு துண்டுகளையும் வெட்டிப் பொருத்திப் பாருங்கள். கோணம் பிடிக்கவில்லையென்றால் மாற்றுங்கள். அட்டைக்குச் செலவில்லை.

பொருத்தில்தான் சூட்சுமம்

நம் இல்லங்களில் திருக்குர்ஆன் ஓதும்போது விரித்து வைக்கும் மடக்குப் பலகையை எல்லோரும் அறிவோம். பழைய முறையில் செய்யப்பட்டவற்றைக் கவனித்துப் பாருங்கள். ஒரே மரப்பலகையைத் தடிமன்வாட்டில் பிளந்து, நடுவில் பற்கள் போல் அறுத்து, ஒன்றோடொன்று கோத்து நிற்கும்படி செய்திருப்பார்கள். அதில் ஆணியில்லை, பசையில்லை, தனியாகக் கீலும் இல்லை. விரித்தால் உறுதியாக நிற்கிறது, மடக்கினால் தட்டையாகிவிடுகிறது. பொருத்து சரியாக இருந்தால் வேறெதுவும் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நம் தாங்கியிலும் அதே வழியைப் பின்பற்றுகிறோம். குறுக்குப் பலகை 30 மி.மீ. உயரம் என்று கொள்வோம். அதன் மேல்விளிம்பிலிருந்து 15 மி.மீ. ஆழத்திற்கு ஒரு காடி; பக்கப் பலகையின் அடிவிளிம்பிலிருந்து 15 மி.மீ. ஆழத்திற்கு ஒரு காடி. இரண்டையும் எதிரெதிரே செருகினால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். தச்சர்கள் காலங்காலமாகச் செய்துவரும் பாதிக்குப் பாதிப் பொருத்துதான் இது.

இந்தக் காடியின் அகலம் எவ்வளவு? இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பலகை 3 மி.மீ., எனவே காடியும் 3 மி.மீ. என்று வரைந்துவிடுகிறார்கள். வெட்டி எடுத்தால் கலகலவென்று ஆடுகிறது. காரணங்கள் இரண்டு.

முதலாவது, கடையில் 3 மி.மீ. என்று விற்கப்படும் ப்ளைவுட் சரியாக 3 மி.மீ. இருப்பதில்லை. ஒன்று 2.7 இருக்கும், மற்றொன்று 3.2 இருக்கும். பெயரை நம்பாமல் காலிப்பரால் நான்கைந்து இடங்களில் அளக்க வேண்டும்.

இரண்டாவது, வாள் அறுக்கும்போது மரத்தூள் விழுவதைப்போல், லேசரும் தன் வழியிலுள்ள மரத்தைத் தின்றுவிடுகிறது. வெட்டுக்கோட்டிற்கும் ஓர் அகலம் உண்டு. மெல்லிய ப்ளைவுட்டில் அது பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இருக்கும். அதை அளப்பதற்கு எளிய வழியொன்று உண்டு. 10 மி.மீ. இடைவெளியில் 11 இணைகோடுகள் வரைந்து வெட்டுங்கள். பத்துப் பட்டைகள் கிடைக்கும். அவற்றை நெருக்கி அடுக்கி மொத்த அகலத்தை அளந்தால் 100 மி.மீ. இராது, 98 மி.மீ. என்று இருக்கலாம். குறைந்த 2 மி.மீட்டரைப் பத்தால் வகுத்தால் 0.2 மி.மீ.; அதுவே அந்த இயந்திரம், அந்தப் பலகையில், அந்த வேகத்தில் தின்னும் அளவு.

இனிக் கணக்கு எளிது. பலகையின் உண்மைத் தடிமன் 2.9 மி.மீ.; லேசர் தின்பது 0.2 மி.மீ. ஆகவே காடியை 2.7 மி.மீ. அகலத்திற்கு வரைய வேண்டும். வெட்டிய பின் அது 2.9 ஆகிவிடும். 3 மி.மீ. என்று வரைந்திருந்தால் 3.2 ஆகியிருக்கும். இந்த 0.3 மி.மீ. வேறுபாடுதான் உறுதியாக நிற்கும் பொருளுக்கும் ஆடி விழும் பொருளுக்கும் இடையிலுள்ள தூரம்.

எனினும் கணக்கோடு நின்றுவிடக் கூடாது. ஒரு சிறு துண்டில் 2.5, 2.6, 2.7, 2.8, 2.9, 3.0 என ஆறு காடிகளைச் சீப்புப்போல் வெட்டி, அதே பலகையின் துண்டை ஒவ்வொன்றிலும் செருகிப் பாருங்கள். கையால் அழுத்தினால் நுழைந்து, தலைகீழாகப் பிடித்தால் விழாமல் நிற்பது எதுவோ, அதுவே உங்கள் அளவு. புதிய பலகை வாங்கும்போதெல்லாம் இச்சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

மரத்தை அறிந்தவர் அருகில் வேண்டும்

வரைவதற்கு இங்க்ஸ்கேப், லிப்ரேகேட் போன்ற மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பயன்படுத்தச் சில நாட்களில் பழகிவிடலாம். ஆனால் மரத்தின் இயல்பைத் திரை கற்றுத்தராது.

மரத்திற்கு இழை ஓட்டம் உண்டு. இழையின் வழியே அது வலுவானது. இழைக்குக் குறுக்கே வளைத்தால் எளிதில் பிளந்துவிடும். மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி இழைக்குக் குறுக்கே விரிகிறது, கோடையில் சுருங்குகிறது. மூன்று அடுக்கு ப்ளைவுட்டில் நடு அடுக்கின் இழை குறுக்காக வைக்கப்படுவதால் இக்குறை பெருமளவு குறைகிறது. ஆயினும் மேலும் கீழும் உள்ள இரண்டு அடுக்குகளின் இழை ஒரே திசையில்தான் ஓடுகிறது. கைப்பேசி அமரும் கொக்கி முன்னோக்கி நீண்டிருக்கும் மெல்லிய பகுதி. வெளி அடுக்கின் இழை அந்தக் கொக்கியின் நீளவாட்டில் ஓடுமாறு துண்டுகளை அடுக்க வேண்டும். மாற்றி அடுக்கினால் முதலில் முறிவது அந்தக் கொக்கிதான். பலகையை மிச்சப்படுத்தும் ஆசையில் கணினியில் துண்டுகளைத் தாறுமாறாகத் திருப்பி அடுக்குபவர் இதனை மறந்துவிடுகிறார்.

நம் ஊர்த் தச்சர் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். கணினியே அறியாத அவர், இந்த இடத்தில் முறியும் என்று விரல் வைத்துக் காட்டுவார். எந்தப் பலகை நெளியும், எது நேராக நிற்கும் என்று கையில் எடுத்த மாத்திரத்தில் சொல்வார். அவ்வறிவு நாற்பது ஆண்டு உழைப்பில் விளைந்தது. இயந்திரத்தால் அதற்கு ஈடு செய்ய இயலாது. அதே வேளையில், ஒரே அளவில் நூறு துண்டுகளைப் பிசகின்றி வெட்டும் ஆற்றல் அவர் கைக்கு இல்லை, இயந்திரத்திற்கு உண்டு. இருவரும் ஒன்று சேர்ந்தால் அல்லவா தொழில் வளரும்!

வெட்டும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் உட்புறத் துளைகளையும் காடிகளையும் வெட்டி, இறுதியில் வெளிக்கோட்டை வெட்ட வேண்டும். வெளிக்கோடு முதலில் அறுந்துவிட்டால் துண்டு அசைந்து, மற்ற அளவுகள் பிசகும். பலகையின் மேல் காகித ஒட்டுநாடா ஒட்டி வெட்டினால் புகைக்கறை படியாது. வெட்டிய பின் விளிம்புக் கரியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்கலாம். ஆனால் காடியின் உட்புறத்தை அதிகம் தேய்க்கலாகாது. தேய்த்தால் பொருத்து தளர்ந்துவிடும்.

பாதுகாப்பைப் பற்றி ஒருமுறைக்கு இருமுறை சொல்ல வேண்டியுள்ளது. இயந்திரம் ஓடும்போது ஒரு கணமும் அதைத் தனியே விட்டுச் செல்லக் கூடாது. மரத்தை எரித்துத்தான் அது வெட்டுகிறது. ஒரு சிறு சுடர் பற்றிக்கொண்டால் இயந்திரமும் கூடமும் சாம்பலாகும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்து வெட்டக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒளி கண்ணைக் கெடுத்துவிடும். புகை வெளியேற விசிறியும் குழாயும் கட்டாயம் வேண்டும், எம்.டி.எஃப். பலகையிலும் ப்ளைவுட்டிலும் உள்ள பசை எரியும் புகை நுரையீரலுக்குத் தீங்கானது.

எல்லாவற்றிற்கும் மேலாக, பி.வி.சி. பலகையையோ அதன் பூச்சுள்ள ரெக்சினையோ லேசரில் ஒருபோதும் வைக்காதீர்கள். அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படுகிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலமாகி, மூச்சுக்குழாயையும் இயந்திரத்தின் உலோகத்தையும் ஒருங்கே அரிக்கும். இன்ன பொருள் என்று உறுதியாகத் தெரியாத எதையும் வெட்ட மறுப்பதே நல்ல தொழிலாளியின் அடையாளம். வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் மறுத்துவிட வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

சகோதரர்களே! இத்தகைய இயந்திரங்களைப் பொதுமக்கள் பழகுவதற்கென்றே ஒரு முயற்சி உலகில் நடைபெற்று வருகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் முன்னின்று தொடங்கிய ஃபேப் லேப் என்னும் தொழிற்கூடங்களே அவை. எம்.ஐ.டி.க்கு வெளியே அமைந்த முதல் கூடங்களுள் ஒன்று, நான் முன்னர்க் கூறிய பாராமதி அமைந்துள்ள அதே புனே மாவட்டத்தில், பாபல் என்னும் கிராமத்தின் விஞ்ஞான் ஆசிரமத்தில் 2002ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பெருநகரில்தான் இவையெல்லாம் முடியும் என்பதில்லை. கிராமத்திலும் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

நம் ஜமாஅத் உடனே இயந்திரம் வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நகரங்களில் கட்டணம் பெற்று வெட்டித் தரும் கூடங்கள் உள்ளன. பெரும்பாலும் வெட்டும் நேரத்தைக் கணக்கிட்டே கட்டணம் வாங்குகிறார்கள். ஆகவே சரியான படத்துடன் செல்பவருக்குச் செலவு குறைவு; அரைகுறைப் படத்துடன் செல்பவருக்கு ஒவ்வொரு திருத்தமும் செலவுதான்.

நான் கமிட்டியின் முன் வைக்கும் வேண்டுகோள் மூன்று. முதலாவது, விடுமுறைக்கால வகுப்புகளில் வாரம் ஒரு நாளைக் கைத்தொழிலுக்கு ஒதுக்குங்கள். ஒரு காலிப்பரும் அட்டைகளும் கத்தரிக்கோலும் இருந்தால் தொடங்கிவிடலாம். இரண்டாவது, அந்த வகுப்பிற்கு நம் மஹல்லாவின் மூத்த தச்சர்களை ஆசிரியர்களாக அழையுங்கள். வந்தவர்களுக்கு உரிய மதிப்பூதியமும் கொடுங்கள். தம் தொழிலைக் கற்றுக்கொடுக்க ஒருவர் அழைக்கப்படுவதைக் காணும் பிள்ளை, அத்தொழிலைச் சொல்லக் கூச்சப்படாது. மூன்றாவது, மாணவியருக்கும் இதில் சம இடம் தாருங்கள். அளப்பதற்கும் வரைவதற்கும் வேண்டியது பொறுமை; அது அவர்களிடம் நிறையவே இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு சொல். ஒரு தாங்கி செய்தவர் அதே கணக்கைக் கொண்டு புத்தகத் தாங்கி செய்யலாம். மருந்துப் பெட்டி செய்யலாம். கடைக்குப் பெயர்ப்பலகை செய்யலாம். நாளை வேறோர் இயந்திரம் வரும். லேசரும் பழையதாகிவிடும். அளந்து பார்த்துப் பின் செய்யும் பழக்கமும், மரத்தை அறிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பணிவும் எந்த இயந்திரத்தின் முன்னாலும் உங்களுக்குத் துணை நிற்கும்.

அடுத்த விடுமுறைக்குள் நம் மஹல்லாவின் பத்துப் பிள்ளைகளாவது தம் கையால் செய்த தாங்கியைத் தம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்குத் துணை நிற்க நானும் ஆயத்தமாக உள்ளேன்.